முதல் சீசனில் நட்சத்திரம், மூன்றாவதில் பெஞ்ச்: இளம் குவார்ட்டர்பேக்குகள் ஏன் சரிகிறார்கள்?

அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களிடம் ஒரு பேச்சு வருஷா வருஷம் தவறாமல் வந்துவிடும். "முதல் சீசன்ல என்னமா ஆடினான்! இப்போ பாரு." அப்புறம் காரணங்களை வரிசையாக அடுக்குவார்கள். பணம் வந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது, விளம்பரத்தில் நடிக்கவே நேரம் போதவில்லை, மனத்திடம் கிடையாது, கோச் கெடுத்துவிட்டார். இதில் எதிலுமே உண்மையில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாரும் இரண்டாம் வருஷத்தில் என்ன கெட்டுப்போனது என்றுதான் தேடுகிறார்கள். முதல் வருஷத்தில் நாம் பார்த்த அந்த வெற்றி எதனால் ஆனது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. விடையில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு

இது காலால் உதைக்கும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்து, பெரும்பாலும் கையில்தான் இருக்கும். அணிக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் இன்னொரு நான்கு. எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்தால் டச்டவுன், 6 புள்ளி.

அநேகமாக ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக்கின் கைக்கு. அவர் அதைத் தூரத்தில் ஓடும் சக வீரருக்கு எறியலாம், பக்கத்தில் நிற்கும் ஓட்டக்காரரிடம் கொடுக்கலாம், தானே தூக்கிக்கொண்டு ஓடலாம். எறிந்த பந்தை எதிராளி பிடித்துவிட்டால் அது இன்டர்செப்ஷன். எறிவதற்குள்ளேயே எதிராளி வந்து அவரைப் பிடித்துச் சாய்த்துவிட்டால் அது சாக். முடிவெடுக்க அவருக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று விநாடி.

என்.எஃப்.எல் என்ற தொழில்முறை லீகில் 32 அணிகள். கல்லூரி வீரர்களை அவை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிக்கு டிராஃப்ட் என்று பெயர். போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் முறை. ஆக, மிகச் சிறந்த கல்லூரிக் குவார்ட்டர்பேக் பெரும்பாலும் மிக பலவீனமான அணிக்குத்தான் போய்ச் சேருவார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

98 மார்க் வாங்கிய பையன்

வகுப்பில் சுமாராக 88 வாங்கக்கூடிய பையன் ஒருவன் ஒரு மாதத் தேர்வில் 98 வாங்கிவிடுகிறான். நன்றாகப் படித்திருந்தான், சரி. கூடவே அவன் அழுத்திப் படித்த பாடங்களிலிருந்தே பெரிய கேள்விகள் வந்தன. சந்தேகத்தோடு எழுதிய ஒரு மார்க் விடைகள் எல்லாம் சரியாக விழுந்தன. அடுத்த தேர்வில் 87. வீட்டில் உடனே தீர்ப்பு வந்துவிடும்: "போனைப் பார்த்துப் பார்த்தே கெட்டுப்போனான்." அவன் கெடவே இல்லை. 98இல் ஒரு பத்து மார்க் அவனுடையது இல்லை, அவ்வளவுதான்.

புள்ளியியலில் இதற்குச் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர். வழக்கத்தை மீறிய ஒரு பெரிய எண்ணில் திறமையும் இருக்கும், அதிர்ஷ்டமும் இருக்கும். அடுத்த முறை திறமை திரும்ப வரும், அதிர்ஷ்டம் வரும் என்று சொல்ல முடியாது. எனவே அந்த எண் அவருடைய உண்மையான மட்டத்தை நோக்கி இறங்கும்.

கார்சன் வென்ட்ஸ் இதற்குச் சரியான உதாரணம். 2016 டிராஃப்டில் இரண்டாவது ஆளாக ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் எடுத்த வீரர். 2017இல் அவர் ஆடிய 13 ஆட்டங்களில் அணி 11இல் ஜெயித்தது; 33 டச்டவுன் எறிந்தார், 7 இன்டர்செப்ஷன்தான். அந்த வருஷத்தின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் என்று பலரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது கொஞ்சம் கணக்குப் போடுவோம். 440 முறை எறிந்து 33 டச்டவுன் என்றால் நூற்றுக்கு 7.5. லீகில் பொதுவாக இது 4, 5க்குள் நிற்கும். நல்ல குவார்ட்டர்பேக்குகள் அதைக் கொஞ்சம் தாண்டுவார்கள். 7.5ஐ வருஷா வருஷம் யாராலும் காப்பாற்ற முடியாது.

வென்ட்ஸுக்கு அடுத்த வருஷம் 5.2 ஆனது, அதற்கடுத்த வருஷம் 4.4. அந்த 2019இல் அவர் 4,039 யார்டு எறிந்தார், 27 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன். மோசமே இல்லை. ஆனால் 2017ஐ மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தவர்களுக்கு அது சரிவாகத்தான் தெரிந்தது.

2020இல் நடந்தது வேறு கதை. 12 ஆட்டங்களில் 16 டச்டவுன், 15 இன்டர்செப்ஷன், லீகிலேயே அதிகமாக 50 சாக். கடைசியில் ஜேலன் ஹர்ட்ஸ் என்ற புதுமுகத்திடம் இடத்தைப் பறிகொடுத்தார். அதிர்ஷ்டம் ஓய்ந்தால் ஒருவர் தன் மட்டத்துக்கு இறங்குவார். மட்டத்துக்குக் கீழே போகமாட்டார். அதற்கு வேறு காரணம் வேண்டும்.

இதுவரை சொன்னதன் சாரம்: முதல் வெற்றி எண்ணில் ஒரு பகுதி எப்படியும் கரையும். அதை வீழ்ச்சி என்று சொல்லக் கூடாது. உண்மையான வீழ்ச்சி அதற்கப்புறம்தான் தொடங்குகிறது.

வாஷிங்டன், 2012

உண்மையான வீழ்ச்சியைப் பார்க்க ராபர்ட் கிரிஃபினை விடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். பேலர் பல்கலைக்கழக வீரர். 2011இல் கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருதான ஹைஸ்மன் டிராஃபி வாங்கியவர். 2012 டிராஃப்டில் இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கும் முறை செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியிடம் இருந்தது. அதை வாங்குவதற்காக வாஷிங்டன் அணி தன் 2012, 2013, 2014 ஆண்டுகளின் முதல் சுற்று முறைகளையும், 2012இன் இரண்டாம் சுற்று முறையையும் கொடுத்தது.

முதல் ஆட்டம் நியூ ஆர்லியன்ஸில். 26 எறிதலில் 19 சேர்ந்தது, 320 யார்டு, 40-32 என வெற்றி. சீசன் முடிவில் 20 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன், ஓடியே 815 யார்டு. அணி 1999க்குப் பிறகு முதல்முறையாகத் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. லீகின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருதும் அவருக்கே.

2015இல் அதே அணியில் அவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. நடுவில் மூன்றே வருஷம்.

ஒரு ஆளைத் தடுக்காமல் விடும் தந்திரம்

2012இல் வாஷிங்டன் ஆடிய முறையைப் புரிந்துகொள்ளாமல் கிரிஃபினின் வெற்றியைப் புரிந்துகொள்ள முடியாது. அதன் பெயர் ரீட் ஆப்ஷன். எதிரணியின் ஒரு வீரரை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டு, அவர் என்ன செய்கிறார் என்று பார்த்து முடிவெடுக்கும் ஆட்டம்.

ஒரு காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். பந்து கிரிஃபின் கைக்கு வருகிறது. பக்கத்தில் ஆல்ஃபிரட் மாரிஸ், ஓட்டக்காரர். கிரிஃபின் பந்தை மாரிஸின் வயிற்றில் வைக்கிறார், ஆனால் கையை எடுக்கவில்லை. இருவர் கையிலும் பந்து இருக்கும் அந்த அரை விநாடியில் கிரிஃபினின் கண் வரிசையின் ஓரத்தில் நிற்கும் எதிரணிக்காரர் மேல் இருக்கிறது. அவரைத் தடுக்க யாருமே போகவில்லை. அவர் மாரிஸை நோக்கிப் பாய்ந்தால் கிரிஃபின் பந்தை உருவிக்கொண்டு, அவர் காலி செய்த இடத்தின் வழியாக ஓடுவார். அவர் கிரிஃபினுக்காகக் காத்து நின்றால் பந்து மாரிஸுக்குப் போய்விடும். எதிராளி எதைச் செய்தாலும் தப்பு. அவரை யாரும் தொடாமலே ஆட்டத்திலிருந்து விலக்கியாகிவிட்டது. அவரைத் தடுத்திருக்க வேண்டிய ஆள் வேறு யாரையாவது தடுக்கலாம்.

இதிலிருந்து இன்னொரு லாபமும் வந்தது. முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் எதிரணிக்காரர்களும் பந்து யாரிடம் என்று தெரியாமல் தயங்குவார்கள், ஓட்டத்தைத் தடுக்க இரண்டு அடி முன்னால் வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் மைதானம் திறந்துகொள்ளும். ஓடப்போவதுபோல் காட்டிவிட்டு அந்தத் திறந்த இடத்தில் எறிவதற்கு பிளே ஆக்‌ஷன் என்று பெயர். கிரிஃபின் எறிந்த பந்துகளில் நிறைய இப்படி ஆளில்லாத வெளியில் போய் விழுந்தவை. அந்த வருஷம் ஓட்டத்தில் லீகிலேயே முதலிடம் வாஷிங்டனுக்கு. ஆறாம் சுற்றில் எடுத்த மாரிஸ் 1,613 யார்டு ஓடினார்.

எறிந்த கை கிரிஃபினுடையது, வேகமும் அவருடையதுதான். யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த வெளியை உண்டாக்கியதில் கைல் ஷனஹன் வகுத்த தாக்குதல் திட்டத்துக்கும், மாரிஸின் கால்களுக்கும், இதற்கு இன்னும் மறுமொழி கண்டுபிடிக்காத எதிரணிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. கிரிஃபின் செய்யவேண்டியிருந்தது ஒரு ஆளைப் பார்ப்பது, அப்புறம் ஒரு திறந்த இடத்தைப் பார்ப்பது. நான்கைந்து பேர் மாறி மாறி வேஷம் போடும் தடுப்பு வரிசையைப் படித்து, ஒருவர் இல்லையென்றால் அடுத்தவர் என்று மூன்றாவது ஆள்வரை தேடும் வேலை அவருக்கு அதிகம் வரவில்லை. ஒரு குவார்ட்டர்பேக் பத்து வருஷம் நிலைக்க வேண்டுமானால் அந்த வேலைதான் தெரிந்திருக்க வேண்டும்.

சாரம்: முதல் வருஷ எண்கள் பொய்யில்லை. ஆனால் அவை குவார்ட்டர்பேக், திட்டம், துணை ஆட்கள், எதிரணியின் அறியாமை ஆகிய நான்கும் சேர்ந்த கூட்டுத்தொகை. பெயர்ப்பலகையில் மட்டும் ஒருவர் பெயர்.

மூட்டு போனபோது கூடவே போனவை

2012 டிசம்பர் 9, பால்டிமோர் ரேவன்ஸுடன் ஆட்டம். ஓடும்போது மோதப்பட்டு கிரிஃபினின் வலது முழங்கால் மூட்டில் காயம். கல்லூரியில் 2009இலேயே தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சை செய்த அதே மூட்டு. ஒரு ஆட்டம் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பினார்.

2013 ஜனவரி 6 அன்று சியாட்டிலுடன் நாக் அவுட் ஆட்டம். முதல் கால் பகுதியிலேயே வாஷிங்டன் 14-0 என முன்னிலை, இரண்டு டச்டவுனும் கிரிஃபின் எறிந்தவை. அந்தப் பகுதியிலேயே மூட்டு மறுபடி வலிக்கத் தொடங்கிவிட்டது. நொண்டிக்கொண்டே ஆடினார், தலைமைக் கோச் மைக் ஷனஹன் வெளியே எடுக்கவில்லை. கடைசிக் கால் பகுதியில் தரையில் உருண்ட பந்தை எடுக்கக் குனிந்தபோது மூட்டு மடங்கியது. முன் குறுக்குத் தசைநாரும் வெளிப்புறத் தசைநாரும் கிழிந்தன. ஆட்டம் 24-14 எனத் தோல்வி. அவரை அன்று ஆடவிட்டது சரியா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. ஒரு காலில் நிற்கும் ஆளை ஏன் விட்டுவைத்தார்கள் என்பது எனக்கு இப்போதும் விளங்கவில்லை.

எட்டே மாதத்தில், 2013 செப்டம்பரில் முதல் ஆட்டத்திலேயே களத்தில் நின்றார். சோம்பேறித்தனம் என்ற குற்றச்சாட்டு இவருக்கு ஒட்டவே ஒட்டாது. அவசரம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

காயத்தைப் பற்றிப் பேசும்போது வேகம் குறைந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது முதல் சேதம் மட்டும்தான். குவார்ட்டர்பேக் ஓடமாட்டார் என்று தெரிந்ததும் ஓரத்தில் நிற்பவருக்குக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. நேரே மாரிஸைப் பிடிக்கப் போகலாம். பின்னால் நிற்பவர்கள் தயங்க வேண்டியதில்லை, தங்கள் இடத்திலேயே நிற்கலாம். அவர்கள் நின்றால் பின்னால் இருந்த வெளி மூடிக்கொள்கிறது. ஆக, கால் கெட்டதால் எறிதலும் கெட்டது. அது போக, ஓடியே தப்பித்துப் பழகியவர் இப்போது பாக்கெட்டுக்குள் நின்று எறிய வேண்டும். சக வீரர்கள் குவார்ட்டர்பேக்கைச் சுற்றி அரண்போல் நின்று காக்கும் சின்ன இடத்துக்குத்தான் பாக்கெட் என்று பெயர். அங்கே நிற்கத் தனிக் காலடி வேலை வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள வேண்டிய கோடை முழுவதும் அவர் மூட்டைத் தேற்றுவதில் கழிந்தது.

2013இல் 16 டச்டவுன், 12 இன்டர்செப்ஷன். அணி 3 வெற்றி, 13 தோல்வி. கடைசி மூன்று ஆட்டங்களில் அவரை உட்காரவைத்துவிட்டார்கள்.

எதிரணிகள் சும்மா இருக்குமா?

லீகில் ஒவ்வொரு ஆட்டத்தையும் 22 வீரர்களும் தெரியும்படி மேலிருந்து படம் எடுக்கிறார்கள். எல்லா அணிகளுக்கும் அது கிடைக்கும். புதுமுகம் வந்த முதல் மாதத்தில் அந்தப் படம் கையளவுதான். ஒரு சீசன் முடிந்தால் முழு ஆண்டுக்கான படமும், உட்கார்ந்து பார்க்க ஒரு கோடைகாலமும் இருக்கும். எந்தப் பக்கம் ஓட விரும்புகிறார், அழுத்தம் வந்தால் முதலில் யாரைத் தேடுகிறார், எந்த எறிதலைத் தவிர்க்கிறார் என்று எல்லாம் குறித்துவைப்பார்கள்.

ரீட் ஆப்ஷனுக்கும் மறுமொழி வந்தது. ஓரத்து ஆள் உள்ளே பாய்வார். குவார்ட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு வெளியே வந்தால் பின்னாலிருந்து வேறொருவர் அங்கே வந்து காத்திருப்பார். கிரிஃபின் படித்த ஆள் அவருக்குப் பொய்யான விடையைக் கொடுத்தார். கூடவே, இந்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்கும் ஓட்டக்காரராகவே கருதப்படுவதால், பந்து கையில் இல்லாவிட்டாலும் சில சமயம் மோதலாம். மோதினார்கள்.

எதிரணிகளின் இந்த மறுமொழிக்கும் ஒரு விலை உண்டு. இதே ரீட் ஆப்ஷன் ஆடிய சான் ஃபிரான்சிஸ்கோ குவார்ட்டர்பேக் காலின் கேப்பர்னிக் 2013 ஜனவரியில் கிரீன் பே அணிக்கு எதிராக 181 யார்டு ஓடினார். செப்டம்பரில் மறுபடி சந்தித்தபோது கிரீன் பே ஓட்டத்தை அடைத்துவிட்டது, 22 யார்டுதான். ஆனால் 412 யார்டு எறிந்து ஜெயித்துவிட்டார். அவரும் 2015இல் இடத்தை இழந்தார் என்பது உண்மை. 2016க்குப் பிறகு எந்த அணியும் அவரை எடுக்காததற்கு அரசியல் காரணம் உண்டு. அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பின்னால் நிற்கும் அணி

ஆட்களுக்குச் செலவிடும் மொத்தச் சம்பளத்துக்கு லீக் ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2010இல் சம்பளக் கணக்கைத் திருகியதற்காக வாஷிங்டனுக்கு அந்த வரம்பில் 3.6 கோடி டாலரை வெட்டினார்கள், 2012இலும் 2013இலும் பாதிப் பாதியாக. முதல் சுற்று முறைகளோ ஏற்கெனவே ராம்ஸ் கையில். சேதமடைந்த குவார்ட்டர்பேக்கைத் தாங்க நல்ல ஆட்கள் வேண்டிய நேரத்தில் காசும் இல்லை, டிராஃப்டும் இல்லை.

2014 டிசம்பரில் ராம்ஸ் வாஷிங்டனுக்கு ஆட வந்தது. நாணயம் சுண்டும்போது அந்த அணி கேப்டன்களாக ஆறு பேரை அனுப்பியது. ஆறு பேருமே கிரிஃபினுக்குப் பதிலாகக் கிடைத்த முறைகளால் வந்தவர்கள். ஆட்டத்தை 24-0 என்று ஜெயித்தார்கள். கிரிஃபின் அன்று பெஞ்சில்.

அதற்குள் ஷனஹன்கள் போய், ஜே க்ரூடன் தலைமைக் கோச்சாக வந்திருந்தார். அவர் விரும்பியது பாக்கெட்டில் நின்று எறியும் ஆளை. அந்த நவம்பரில் ஒரு தோல்விக்குப் பிறகு, கிரிஃபினின் காலடிகளில் என்னென்ன தப்பு என்று செய்தியாளர்கள் முன்னாலேயே பட்டியல் போட்டார். வென்ட்ஸுக்கும் இதேபோல்தான்: 2017 முடிந்ததும் அவரை வளர்த்த ஃபிராங்க் ரைக்கும் ஜான் டிஃபிலிப்போவும் வேறு அணிகளுக்குப் பதவி உயர்வில் போய்விட்டார்கள். வெற்றி பெற்ற அணியின் உதவிக் கோச்சுகளைத்தான் மற்ற அணிகள் முதலில் கொத்திக்கொண்டு போகும். 2021இல் இண்டியானாபோலிஸில் ரைக்கிடமே வென்ட்ஸ் போய்ச் சேர்ந்தபோது மறுபடியும் 27 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன். 2019இல் வந்த அதே எண்கள்.

அப்படியானால் சிலர் எப்படி நிலைக்கிறார்கள்?

கிரிஃபினின் மூட்டு மடங்கிய அன்று எதிரணியில் நின்ற ரஸல் வில்சனும் அதே 2012 புதுமுகம்தான், 75ஆவதாக எடுக்கப்பட்டவர். அவரும் ரீட் ஆப்ஷன் ஆடினார். ஆனால் ஓடினால் மோதலுக்கு முன்பே சறுக்கி உட்கார்ந்துவிடுவார், இல்லையென்றால் கோட்டுக்கு வெளியே போய்விடுவார். முதல் ஒன்பது சீசன்களில் ஒரு ஆட்டம்கூடத் தவறவிடவில்லை. லீகிலேயே மிகக் குறைந்த புள்ளி கொடுக்கும் தடுப்பு அணி அவருக்குப் பின்னால் இருந்தது. தினமும் 30 புள்ளி எடுக்க வேண்டிய நெருக்கடி இல்லாமல் அவரால் மெதுவாகக் கற்றுக்கொள்ள முடிந்தது.

லமார் ஜாக்சன் இன்னொரு வழி. 2019இல் பால்டிமோர் தன் தாக்குதல் முழுவதையும் அவருடைய கால்களைச் சுற்றியே கட்டியது. 1,206 யார்டு ஓடி, சிறந்த வீரர் விருதை ஒருமனதாக வாங்கினார். படம் பார்த்து எதிரணிகள் பாடம் கற்றபின் அவருக்கும் சிரமமான வருஷங்கள் வந்தன. 2023இல் புதிய தாக்குதல் கோச் டாட் மங்கன் வந்தார், எறிதலுக்கு முக்கியத்துவம் கூடியது, அதே விருது மறுபடி. 2018 முதல் 2020 வரை அந்த அணியில் ஜாக்சனுக்குப் பதிலாளாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் ராபர்ட் கிரிஃபின்.

தலைகீழாகவும் நடக்கும்

சாம் டார்னால்ட் 2018இல் மூன்றாவதாக எடுக்கப்பட்டவர். நியூயார்க் ஜெட்ஸில் மூன்று வருஷம் தடுமாறினார், அப்புறம் இரண்டு அணிகள் மாறினார். முடிந்துபோன ஆள் என்றே எழுதினார்கள். 2024இல் மினசோட்டா வைக்கிங்ஸுக்கு வந்தார். குவார்ட்டர்பேக்குகளைப் புரிந்த கோச் கெவின் ஓ'கானல், லீகின் தலைசிறந்த பந்துபிடிப்பவர்களில் ஒருவரான ஜஸ்டின் ஜெஃபர்சன். 35 டச்டவுன், 14 வெற்றி, 3 தோல்வி. கிரிஃபினிடமிருந்து ஒவ்வொன்றாகக் கழன்ற அதே பொருட்கள் இவருக்கு ஒன்றாக வந்து சேர்ந்தன.

அந்தச் சீசன் முடிந்ததும் மினசோட்டா அவரைப் போகவிட்டது. சியாட்டில் மூன்று வருஷத்துக்கு 10 கோடி டாலருக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து எடுத்துக்கொண்டது. இரண்டு அணிகளும் பார்த்தது ஒரே 17 ஆட்டத்தின் படம்தான். அதில் டார்னால்டின் பங்கு எவ்வளவு, சுற்றி இருந்தவர்களின் பங்கு எவ்வளவு என்று ஆளுக்கொரு கணக்குப் போட்டார்கள்.